தார்ப்பாயின் மேல் பனி

நரினுக்குத் தெற்கே, கணவாய்ச் சாலையில்
லாரி எடைமேடை. இரவு எட்டு முதல் காலை எட்டு.
வண்டி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
எழுதுவேன். சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அதற்கும் அடுத்த வண்டிக்கும் இடையில்
சில நாள் நாற்பது நிமிடம், சில நாள் நான்கு மணிநேரம்.
அங்கே உட்கார்ந்துதான்
புள்ளியியல் படித்தேன்.

இலவசம் என்று போட்டிருந்தது.
தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
அத்பாஷி ஞாயிற்றுச் சந்தையில்
பல்லைப் பார்க்காமல் யாரும் கயிற்றைத் தொடுவதில்லை.
நானும் பார்த்தேன்.
எட்டு வாரம். ஐம்பத்திரண்டு காணொளி.
சான்றிதழுக்கு மட்டும் நாற்பத்தொன்பது டாலர்.
சரி, ஒரு பல் ஆட்டம். மாடு நடக்கும்.

ஆசிரியை நீலச் சட்டை போட்டிருந்தார்,
எட்டு வாரமும் அதே நீலம்.
ஒரே நாளில் எடுத்துத் தள்ளியிருப்பார்கள் என்றான் தோக்தோசுன்.
அவர் ஆங்கிலத்தில் பேச, கீழே ரஷ்ய எழுத்து ஓட,
நான் கிர்கீஸில் தலையாட்டினேன்.
'விமான நிலையத்தில் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.'
வைத்துக்கொண்டேன்.
இதுவரை எந்த விமானமும் என் மேடையில் ஏறியதில்லை.

மூன்றாம் வாரம் காற்றில் கம்பி அறுந்து
இரண்டு இரவு இணைப்பு இல்லை.
கெடு முடிந்தது, அவர்கள் ஊர் நள்ளிரவில்.
என் ஊரில் அப்போது ஒரு லாரி சிமென்ட்.
விஷயத்தைச் சொல்ல ஆள் தேடினேன்.
பொத்தான்கள் இருந்தன.

அறுபதாயிரம் பேர் என்று முதல் வாரம் காட்டியது.
ஆறாம் வாரம் எண்ணைக் காட்டவில்லை.
எல்லோருக்கும் இலை போட்டார்கள், பொய்யில்லை.
பரிமாற ஒருவர். அவரும் படத்தில்.
கடைசியில் கருத்துக் கேட்டார்கள்.
'மிகவும் பயனுள்ளது' என்றோம், மிஞ்சிய நாங்கள்.
போனவர்களை யார் கேட்பது?
இந்தத் தப்புக்கு என்ன பெயரென்று
ஐந்தாம் வாரம் அவர்களேதான் சொல்லித் தந்தார்கள்.

இறுதி வேலை: சொந்தமாய்த் தரவு சேர்த்து வா.
என்னிடம் பதினோரு குளிர்காலம் இருந்தது, நோட்டுகளில்.
அதே லாரி, அதே சரக்கு,
ஜூலையைவிட ஜனவரியில் சராசரி இருநூற்றுப் பதினெட்டு கிலோ கூடுதல்.
கள்ளச் சரக்கு என்று முடித்தேன்.
டிரைவர்களைத் தெரியாதா எனக்கு?

முன்பின் அறியாத மூன்று பேர் திருத்தினார்கள்.
ஒருவர் பத்துக்கு ஆறு.
ஒருவர் 'குட்', வேறெதையோ பார்த்துக்கொண்டே போட்ட மாதிரி.
மூன்றாமவருக்குப் பெயர் இல்லை, எண்தான்.
உடைந்த ரஷ்யனில் கேட்டிருந்தார்:
'தார்ப்பாய் மேல் பனி இருக்குமா?
அதை எடை போட்டீர்களா?'

பதினோரு குளிர்காலம்.
கண்ணாடி வழியே அந்த வெள்ளையைத்தான்
பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
எத்தனை பேரை இறங்கச் சொல்லி
இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்திருப்பேன்.

இரவு மூன்று மணிக்கு எசென்பெக்கின் வண்டி.
எழுதிக்கொண்டேன். பின்னால் எடு என்றேன்.
துடைப்பத்தை நீட்டினேன். பைத்தியமா உனக்கு என்றான்.
நானே மேலே ஏறினேன். பிறகு அவனும் வந்தான்.
காது விறைக்க, பேசாமல், பாதி அவன், பாதி நான்.
மறுபடி மேடை. எண் நடுங்கி நின்றது.
இருநூற்று ஆறு குறைவு.

காலையில் பதில் எழுதப் போனேன்.
வகுப்பு முடிந்தது, படிக்கலாம், எழுத இயலாது.
சான்றிதழும் வாங்கவில்லை,
எங்கள் வங்கி அட்டையை அது ஏற்கவில்லை.

நோட்டில் எடைக்குப் பக்கத்தில்
புதிதாய் ஒரு கோடு கிழித்திருக்கிறேன்.
மேலே எழுதியிருப்பது: பனி.
மேலதிகாரி வந்தால் கேட்பார், யார் சொல்லி என்று.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு, என்பேன்.